நம்ம ஆளே நம்மை ஆராய வந்தால்: உள்ளாள், வெளியாள் பற்றி ஓர் எளிய விளக்கம்

தன் சொந்த இனத்தாரைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன் என்று ஒரு மாணவர் சொன்னதும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "நம்மைப் பற்றி நம்ம ஆளுக்குத்தான் தெரியும், வெளியாளுக்கு என்ன புரியும்?" என்பார்கள் சிலர். "சொந்தக்காரர் எழுதினால் நடுநிலை எங்கே இருக்கும்? குறையை மூடி மறைக்கத்தான் பார்ப்பார்" என்பார்கள் வேறு சிலர். தெருவில் மட்டுமில்லை, ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வு நடக்கும் அறையிலும் இந்த இரண்டும் கேட்கும். முதல் பேச்சைக் கேட்டு மாணவர் மிதப்பாகிவிடுகிறார். இரண்டாவதைக் கேட்டு ஒடுங்கிவிடுகிறார். இரண்டுமே அவருடைய ஆய்வுக்குக் கேடு.

எதிரெதிராகத் தெரியும் இந்தப் பேச்சுகளுக்கு அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது. ஒருவர் உள்ளாளா வெளியாளா என்பது பிறப்பிலேயே தீர்ந்துபோன விஷயம், எந்த வீட்டுக்குப் போனாலும் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் அது மாறாது என்ற நம்பிக்கை. அது தவறு. ஏன் தவறு, உண்மையில் களத்தில் என்ன நடக்கிறது என்பதைப் புதிதாக இந்தத் துறைக்குள் வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சில சொற்களை முதலில் முடிவு செய்துகொள்வோம். மொழி, வம்சாவளி, வரலாறு ஆகியவற்றால் தங்களை ஒரே கூட்டமாகக் கருதும் மக்களை இங்கே இனம் என்கிறேன். ஆராயப்படும் கூட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர் உள்ளாள். சேராதவர் வெளியாள். மக்களோடு இருந்து, பார்த்து, பேசித் தகவல் திரட்டுவது களப்பணி.

நாமே எழுதியதை நாமே மெய்ப்புப் பார்ப்பது

நாம் எழுதிய ஒரு கட்டுரையை நாமே பிழை திருத்த உட்காருகிறோம். ஒரு சொல் விடுபட்டிருக்கும், கண் அதைத் தாண்டிப் போய்விடும். அங்கே என்ன இருக்க வேண்டும் என்பது மனதுக்குத் தெரியும் என்பதால், தாளில் இல்லாததையும் நாம் வாசித்துவிடுகிறோம். அதே தாளை இன்னொருவரிடம் கொடுத்தால் முதல் பார்வையிலேயே விடுபட்ட சொல்லில் விரலை வைப்பார். ஆனால் நாம் வேண்டுமென்றே எழுதிய ஒரு வட்டார வழக்கையும் பிழை என்று அடித்துவிடுவார். எந்த வரியை எதற்காக எழுதினோம் என்பது நமக்குத்தான் தெரியும்.

சொந்த இனத்தாரை ஆராய்வதும் இப்படித்தான். உள்ளாளுக்கு அர்த்தம் தெரியும், ஆனால் பழகிப்போனது கண்ணில் படாது. வெளியாளுக்கு எல்லாம் கண்ணில் படும், ஆனால் எது வழக்கம், எது தற்செயல் என்று பிரித்தறிய நாளாகும்.

இந்த ஒப்புமை ஓர் இடத்துக்கு மேல் உதவாது. தாள் நம்மைத் திரும்பிப் பார்க்காது, "இவர் யார், இவரிடம் எதைச் சொல்லலாம்?" என்று யோசிக்காது. மனிதர்கள் யோசிப்பார்கள். சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

இந்தக் கேள்வி எப்படி எழுந்தது?

மனிதச் சமூகங்களையும் அவற்றின் பண்பாட்டையும் ஆராயும் மானிடவியல் ஒரு துறையாக வளர்ந்தபோது வெளியாள்தான் அதன் இலட்சிய ஆய்வாளர். போலந்தில் பிறந்த மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக் பெருங்கடலின் டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அங்குள்ள மொழியைக் கற்றுச் செய்த களப்பணி பிறகு வந்தவர்களுக்கெல்லாம் முன்மாதிரி ஆனது. தொலைவான இடத்துக்குப் போ, அந்நியனாக நுழை, மெல்ல மெல்லப் புரிந்துகொள் என்பது பாடம்.

அதே மலினோவ்ஸ்கியிடம் லண்டனில் படித்த சிலர் வேறு வழியில் போனார்கள். சீனாவின் ஃபெய் சியாவோதுங் 1936ல், தான் பிறந்த வட்டாரத்திலேயே உள்ள ஒரு கிராமத்தை ஆராய்ந்தார். அந்தக் கிராமத்தின் பட்டுத் தொழில் சீர்திருத்தத்தில் அவருடைய அக்கா ஏற்கெனவே ஈடுபட்டிருந்ததால் ஊராரின் நம்பிக்கை எளிதாகக் கிடைத்தது. கென்யாவின் ஜோமோ கென்யாட்டா தன் கிகூயு மக்களைப் பற்றிய நூலை 1938ல் வெளியிட்டார். பின்னாளில் அவர் அந்த நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஆனார்.

இதை எல்லோரும் வரவேற்கவில்லை. பிரிட்டிஷ் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1982ல், சொந்தச் சமூகத்தை ஆராய்ந்த சீன ஆய்வாளர்களின் நூல்களை எடுத்துக்கொண்டு வெளிப்படையாகவே ஐயம் எழுப்பினார். ஏற்கெனவே நெருங்கிப் பழகிய பண்பாட்டில் களப்பணி செய்வது, ஒன்றும் தெரியாத அந்நியராக நுழைவதைவிடக் கடினம் என்பது அவர் வாதம். சொந்த வாழ்க்கை தந்த முன்முடிவுகள் பார்வையைச் சாய்த்துவிடும் என்று அவர் கருதினார்.

லீச்சை முழுதாக ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவர் சுட்டிய ஆபத்து உண்மையானது. ஆனால் வெளியாளும் வெறுங்கையோடு வருவதில்லையே. அவர் நாடு, அவர் வளர்ந்த வர்க்கம், அவருடைய மதம், அவர் படித்த நூல்கள் எல்லாம் அவர் கண்ணையும் சாய்த்துத்தான் வைத்திருக்கின்றன. அந்தச் சாய்வுக்கு நடுநிலை என்று பெயர் வைத்து, உள்ளாளின் சாய்வை மட்டும் குற்றமாகக் காட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒருவருக்கு ஓர் அடையாளம்தானா?

அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1972ல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தில் முக்கியமான திருப்பம். கறுப்பின மக்களைக் கறுப்பினத்தவர் மட்டுமே புரிந்துகொள்ள முடியும் என்ற வாதம் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வலுவாக ஒலித்த காலம் அது. மெர்ட்டன் அந்தப் பக்கத்தையும் ஏற்கவில்லை, எதிர்ப்பக்கத்தையும் ஏற்கவில்லை. எந்த மனிதருக்கும் ஒரே ஓர் அடையாளம் இருப்பதில்லை என்றார். வயது, பால், கல்வி, தொழில், வர்க்கம், மதம், பிறந்த இடம் என்று ஒரே நேரத்தில் பல இடங்களில் ஒருவர் நிற்கிறார். இந்தத் தொகுப்பை நிலைத்தொகுதி என்று வைத்துக்கொள்வோம். இனத்தில் ஒன்றாக இருக்கும் இருவர் மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிராக இருக்கலாம். ஒரு பணக்கார இளைஞரும், அவர் இனத்தையே சேர்ந்த ஓர் ஏழை மூதாட்டியும் எத்தனை விஷயத்தில் ஒருவருக்கொருவர் உள்ளாட்கள்?

மெர்ட்டனுக்கு வெகு காலம் முன்பே இதைப் பட்டறிந்தவர் அமெரிக்க சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ். 1896ல் பிலடெல்பியா நகரின் ஏழாவது வார்டில் வாழ்ந்த கறுப்பின மக்களை ஆராய அவர் போனார். அவரும் கறுப்பினத்தவர்தான். ஆனால் நியூ இங்கிலாந்தின் சிறு நகரத்தில் வளர்ந்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்று, ஒரு வெள்ளையர் பல்கலைக்கழகத்தின் சார்பில் வந்தவர். அந்த மக்கள் தன்னைக் கைநீட்டி வரவேற்கவில்லை என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். ஏதோ விநோதப் பிராணியைப் போலத் தாங்கள் ஆராயப்படுவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. தோல் நிறம் ஒன்று என்பதற்காக அந்த வெறுப்பு போய்விடவில்லை.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் அனுபவம் இன்னும் நுணுக்கமானது. ஃபுளோரிடாவில் கறுப்பின மக்களே நடத்திய ஈட்டன்வில் என்ற சிற்றூரில் வளர்ந்தவர் அவர். நியூயார்க்கில் ஃபிரான்ஸ் போவாஸிடம் மானிடவியல் படித்துவிட்டு, 1927ல் நாட்டார் கதைகளைத் திரட்டத் தெற்கே திரும்பினார். முதல் முயற்சியில் அதிகம் தேறவில்லை. கல்லூரித் தோரணையில், திருத்தமான உச்சரிப்பில், உங்களுக்கு நாட்டார் கதைகள் ஏதாவது தெரியுமா என்று போய்க் கேட்டிருக்கிறார். கதைகளில் ஊறிக் கிடந்த மனிதர்கள், அடுத்த ஊரில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்கிற மாதிரி அனுப்பிவிட்டார்கள்.

பின்னர் ஒரு மரம் அறுக்கும் முகாமில் தங்கியபோது, அவர் கார் வைத்திருந்ததைப் பார்த்துச் சந்தேகப்பட்டார்கள். கள்ளச்சாராயம் பிடிக்க வந்த அதிகாரியோ துப்பறிபவரோ என்று ஒதுங்கினார்கள். ஒரு விருந்தில், தபால் வழியாக வாங்கிய 1.98 டாலர் உடைகள் அணிந்த பெண்களுக்கு நடுவே, மேசிஸ் கடையில் வாங்கிய 12.74 டாலர் உடையோடு நின்று, அந்த உடையை மனதுக்குள் சபித்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். இனம், மொழி, வளர்ந்த மண் எல்லாம் ஒன்றாக இருந்தும் ஓர் உடை போதும், ஆள் வெளியே நிற்பதற்கு. கடைசியில், கள்ளச்சாராய வழக்கில் தப்பி ஓடிவந்தவள் என்று ஒரு கதை சொல்லித்தான் அவர் அங்கே ஏற்பு பெற்றார். இன்றைய ஆய்வு நெறிமுறையில் அந்தப் பொய்க்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது என்பதை நேர்மையாக எழுதி வைத்தாரே, அதற்காக அவரை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதுவரை பார்த்தது இதுதான்: இனம் என்பது ஓர் ஆய்வாளரின் பல அடையாளங்களில் ஒன்று. களத்தில் எந்த நேரத்தில் எது முன்னால் வரும் என்பது இனத்தை வைத்து மட்டும் தீர்மானமாவதில்லை.

நாம் யார் என்பதை அவர்கள் முடிவு செய்கிறார்கள்

ஆய்வாளர் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டு போகிறார் என்பதைவிட, எதிரே இருப்பவர்கள் அவரை எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதே ஆய்வைத் தீர்மானிக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர் வந்தால் வைக்க இடம் இருக்காது, "விருந்தாளி" என்று ஒரு பொது இடத்தில் வைத்துவிடுவார்கள். சொந்த இனத்தார் வந்தாலோ தயாராக ஓர் இடம் இருக்கும். மகள், மருமகன், படித்த பிள்ளை, இன்னாருடைய பேத்தி. அந்த இடத்துக்கென்று கடமைகளும் தடைகளும் உண்டு.

மானிடவியலாளர் லைலா அபு லுகோத் அமெரிக்காவில் வளர்ந்தவர். தந்தை பாலஸ்தீனர், தாய் அமெரிக்கர். 1978ல் எகிப்தில் பெடோயின் என்ற அரபுப் பழங்குடி மக்களிடையே களப்பணி தொடங்கியபோது, தானும் கூட வந்து அறிமுகம் செய்து வைக்க வேண்டும் என்று தந்தை வற்புறுத்தினார். ஒரு பட்டப்படிப்பு மாணவிக்கு அது சங்கடம்தான். பிறகுதான் அதன் பலன் அவருக்குப் புரிந்தது. மணமாகாத இளம்பெண் துணையில்லாமல் வந்திருந்தால், குடும்பம் கைவிட்டவள் என்றோ ஒழுக்கம் தவறியவள் என்றோ நினைத்திருப்பார்கள். தந்தையே கொண்டுவந்து ஒப்படைத்ததால் அந்த வீட்டின் மகள் ஆனார். பெண்களின் உலகம் முழுதும் அவருக்குத் திறந்தது, அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்ட கவிதைகள் உட்பட. ஆண்களின் உலகத்தில் ஓர் எல்லையோடு நிற்க வேண்டி வந்தது. ஒரு மகளுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் ஆய்வாளருக்கும் கிடைத்தது.

இடம் தருவது சில நேரம் ஆளையே விழுங்கிவிடும். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான டோரின் கோண்டோ 1970களின் இறுதியில் டோக்கியோவில் களப்பணி செய்தார். பார்ப்பதற்கு ஜப்பானியர், பேச்சிலும் பழக்கத்திலும் தடுமாற்றம். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று சுற்றியிருந்தவர்கள் திகைத்தார்கள். ஓர் ஐரோப்பியர் தடுமாறினால் பொறுத்துக்கொள்பவர்கள், தங்கள் முகச்சாயல் உள்ளவர் தடுமாறும்போது பொறுக்கவில்லை. எனவே அவரை மெல்ல மெல்ல ஒழுங்கான ஜப்பானியப் பெண்ணாகத் திருத்தினார்கள், அவரும் திருந்தினார். ஒரு நாள் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனவர், இறைச்சிக் கடைக் காட்சிப் பெட்டியின் பளபளப்பான உலோகப் பரப்பில் தெரிந்த பிம்பத்தைப் பார்த்தார். வீட்டு உடையும் செருப்பும் அணிந்து, அந்த ஊர்ப் பெண்களின் நடையிலேயே போகும் ஒரு சராசரி இல்லத்தரசி. அது தானேதான் என்று உணர்ந்ததும் தலைசுற்றி, வண்டியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நாள் அமெரிக்கா போய்வந்து, தனி வீடு பார்த்துக்கொண்ட பிறகே ஆய்வைத் தொடர்ந்தார்.

இந்திய சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் கதையில் வேறு ஒரு பாடம். 1948ல் மைசூர்ப் பகுதியில், தன் முன்னோர்களின் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு கிராமத்தில் அவர் தங்கினார். நூலில் அதற்கு ராம்புரா என்று பெயர் வைத்தார். வட்டாரம், மாநிலம் எல்லாம் ஒன்று. ஊராரோ அவரை முதலில் பிராமணராகத்தான் பார்த்தார்கள், அதற்கேற்ற நடத்தையை எதிர்பார்த்தார்கள். ஊர்த்தலைவரின் ஆதரவில், அவருடைய கட்டடத்திலேயே தங்கினார். தன் சித்திரம் மேல்சாதியாரும் நிலமுடையவர்களும் பார்த்த கிராமத்தின் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதையும், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பில் இருந்து பார்த்திருந்தால் வேறு கிராமம் தெரிந்திருக்கும் என்பதையும் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இனத்துக்கு உள்ளேயே சாதி என்ற சுவர் இருக்கும் சமூகங்களில், "நான் உள்ளாள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் ஒரு மறைப்பாகவே முடிகிறது. உள்ளே, யார் வீட்டுக்கு உள்ளே?

ஒரு பேட்டிக்குள் என்ன நடக்கிறது

இனி மிக நெருக்கமாகப் போய்ப் பார்ப்போம். பேட்டி என்ற சின்ன வட்டத்துக்குள்தான் இந்த அடையாளம் உண்மையில் வேலை செய்கிறது. ஒரு கற்பனைப் பேட்டி. தன் இனத்தைச் சேர்ந்த, வேறு நாட்டில் குடியேறிய ஒரு மூத்த பெண்மணியிடம் இளம் ஆய்வாளர் பேசுகிறார்.

"வந்த புதுசுல எப்படிம்மா இருந்துச்சு?"

"அதை ஏன் தம்பி கேக்கிற. நம்ம சனத்துக்கு எங்க போனாலும் அதே கதைதான். உனக்குத் தெரியாததா?"

"ஆமாம்மா, தெரியும். அப்புறம் வேலை எப்போ கெடைச்சுது?"

பேச்சு இதமாகத்தான் போகிறது. அம்மாவுக்குத் தம்பியைப் பிடித்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வந்து பதிவை எழுத்தில் இறக்கும்போது அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. "அதே கதை" என்றால் எந்தக் கதை? வாடகைக்கு வீடு கிடைக்காததா, வேலையிடத்து அவமானமா, முன்னால் வந்த சொந்தக்காரர்களே உதவாததா? அம்மா ஒன்றை நினைத்துச் சொன்னார், தம்பி இன்னொன்றை நினைத்துத் தலையாட்டினார். வெளியாளாக இருந்தால் "அதே கதைன்னா என்ன?" என்று கேட்டுத்தான் தீர வேண்டும். நம் தம்பிக்கு அந்தக் கேள்வி கேட்கவே தோன்றவில்லை, காரணம் அவருக்கு "புரிந்துவிட்டது".

"உனக்குத் தெரியாததா?" என்பதை எல்லா உள்ளாள் ஆய்வாளரும் எங்காவது கேட்டிருப்பார்கள். அது எப்போதும் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில நேரம் உண்மையாகவே பொது அனுபவத்தைச் சுட்டி, நேரத்தை மிச்சப்படுத்துகிறது. சில நேரம் அது ஒரு கதவு. இதற்கு மேல் கேட்காதே என்பதை மனம் நோகாமல் சொல்லும் வழி. இன்னும் சில நேரம் அது ஒரு சோதனை: நீ நம்ம பக்கம்தானே என்று பார்க்கிறார். எது எந்த வகை என்று கண்டுபிடிக்கக் குரலையும் முகத்தையும் கவனிக்க வேண்டும். அதில் உள்ளாளுக்கு நிச்சயமாக ஒரு பலம் உண்டு. கதவை அடைக்கும் "தெரியாததா"வை அவரால் பெரும்பாலும் அடையாளம் காண முடியும். ஆனால் முதல் வகையில்தான் ஏமாந்துபோவார், ஏனென்றால் அங்கே எந்த உராய்வும் இருக்காது.

இதற்கு ஒரு எளிய மருந்து உண்டு. "எங்க வீட்டுல நடந்தது எனக்குத் தெரியும்மா. உங்க வீட்டுல நடந்ததை நீங்க சொன்னாத்தானே தெரியும்?" என்று கேட்பது. நெருக்கமும் குறையாது, விவரமும் வரும். களத்துக்குப் போகும் முன் இப்படி இரண்டு மூன்று வாக்கியங்களைத் தன் பேச்சுவழக்கில் யோசித்து வைத்துக்கொள்வது, எத்தனையோ கோட்பாட்டு நூல்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

மறுபுறம், உள்ளாளிடம் சொல்லாமல் வெளியாளிடம் சொல்லும் விஷயங்களும் உண்டு. மணமுறிவு, கடன், குடும்பத்தில் மனநோய், மத நம்பிக்கை போனது. இவற்றை ஊருக்குள் செய்தி பரவிவிடும் என்ற பயத்தில் நம் ஆளிடம் மறைப்பார்கள், நாளைக்கு ஊரைவிட்டுப் போய்விடும் அந்நியரிடம் கொட்டுவார்கள். வெளியாருக்கு முன் விட்டுக்கொடுக்கக்கூடாது என்று மூடி வைத்த உட்பகைகளை நம் ஆளிடம் அவிழ்ப்பார்கள். ஆக, எவரிடமும் முழு உண்மை வருவதில்லை. எவரிடம் எது வருகிறது என்பதுதான் மாறுகிறது.

எண்களை வைத்துச் செய்யும் ஆய்விலும் இது தெரியும். 1968ல் டெட்ராய்ட் நகரில் கறுப்பின மக்களிடம் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் தனித்தனியே ஒரே கேள்விகளைக் கேட்ட கணிப்பு ஒன்றை ஷூமன், கான்வர்ஸ் ஆகிய இருவரும் அலசினார்கள். தீவிரப் போராட்டம், வெள்ளையர் மீதான பகைமை பற்றிய கேள்விகளுக்கு, கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் நன்றாகவே மாறியது. பாகுபாட்டு அனுபவம், வாழ்க்கைச் சூழல், சொந்த விவரம் பற்றிய கேள்விகளில் மாற்றம் சிறிதுதான். கவனியுங்கள்: அடையாளம் எல்லாக் கேள்வியையும் ஒரே அளவில் பாதிக்கவில்லை.

சுருக்கமாக, உள்ளாள் என்ற நிலை ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எதிரே யார், கேள்வி என்ன, அன்று பேச்சு எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரே பேட்டிக்குள்ளேயே அது கூடும், குறையும். இதனால்தான் மானிடவியலாளர் கிரின் நாராயண் 1993ல் எழுதிய கட்டுரையில், மண்ணின் ஆய்வாளர், அந்நிய ஆய்வாளர் என்று ஆட்களை இரண்டாகப் பிரிப்பதையே கைவிடலாம் என்றார். இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானிய அமெரிக்கத் தாய்க்கும் பிறந்து, மும்பையில் வளர்ந்து, இந்தியாவிலேயே களப்பணி செய்தவர் அவர். எந்தப் பட்டியில் அவரை அடைப்பது?

தன்னாய்வு: பலர் தவறாகச் செய்யும் பகுதி

ஆய்வாளர் தன் நிலையையே ஆய்வுப் பொருளாக எடுத்து, அது தகவலை எப்படி வடிவமைத்தது என்று விசாரிப்பதைத் தன்னாய்வு என்கிறோம். இன்று பெரும்பாலான ஆய்வேடுகளில் இதற்கென ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தி பெரும்பாலும் வெறும் சடங்கு என்பதே என் வருத்தம். "நானும் இந்த இனத்தைச் சேர்ந்தவன், நடுத்தர வர்க்கம், ஆண். ஆகவே எனக்குச் சில சாய்வுகள் இருக்கலாம்." அவ்வளவுதான். இதை வைத்து வாசகர் என்ன செய்வது? எந்த அத்தியாயத்தை, எந்த முடிவை எச்சரிக்கையோடு படிப்பது?

இப்படி எழுதினால் வேறு: "பெண்களுடனான பேட்டிகளில் பெரும்பாலும் கணவரோ மகனோ உடன் இருந்தார்கள். நான் ஆண் என்பதாலும், அவர்கள் குடும்பத்துக்கு அறிமுகமானவன் என்பதாலும் தனியே பேசக் கேட்க முடியவில்லை. ஆகவே வீட்டுக்குள் பணம் யார் கையில் என்பது பற்றி நான் எழுதியிருப்பது ஆண்கள் முன்னிலையில் பெண்கள் சொன்னது." எந்த அடையாளம், எந்தச் சூழலில், எந்தத் தகவலை எப்படி வளைத்தது என்று ஒரு கண்ணி விடாமல் சொல்லியாகிவிட்டது. அந்த ஒரு முடிவை வாசகர் தள்ளிவைத்துப் படிப்பார், மற்றவற்றை நம்புவார்.

இப்படி எழுத வேண்டுமானால் களத்திலேயே குறித்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பேட்டிக்குப் பிறகும் களக்குறிப்பில், அவர்கள் சொன்னதோடு நின்றுவிடாமல், என்னை எப்படி அழைத்தார்கள், எங்கே உட்கார வைத்தார்கள், என்னைப் பற்றி என்ன விசாரித்தார்கள், நான் எங்கே கேட்காமல் தலையாட்டினேன் என்று எழுதுங்கள். எழுத்தில் இறக்கிய பேட்டிகள் சிலவற்றை, ஒப்புதல் இருந்தால், பெயர் நீக்கி வேறு இனத்தைச் சேர்ந்த சக ஆய்வாளரிடம் படிக்கக் கொடுங்கள். "இது என்ன?" என்று அவர் கேட்கும் இடமெல்லாம் நீங்கள் தாண்டிப்போன இடம். மெய்ப்புக்கு இன்னொரு கண் தேவைப்படுவது போலத்தான். முடிந்தால் எழுதியதைப் பேட்டி கொடுத்தவர்களிடமே காட்டுங்கள். அவர்கள் மறுப்பது எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும் என்றில்லை, மறுத்தார்கள் என்பதே ஒரு தகவல்.

எழுதி முடித்த பிறகும் அங்கேயே வாழ வேண்டும்

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களைச் சேர்ந்த ஆய்வாளர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999ல் எழுதிய நூலில் ஒன்றை அழுத்தமாகச் சொல்கிறார். உள்ளாள் ஆய்வாளர், தன் ஆய்வின் விளைவுகளோடு அன்றாடம் வாழ வேண்டியவர். அவர் மட்டுமில்லை, அவர் குடும்பமும். தன் அனுபவம் ஒன்றையும் சொல்கிறார். மாவோரித் தாய்மார்களை ஆராயப் போனபோது அவரும் ஒரு மாவோரித் தாய், அவர்களுக்கு நன்கு தெரிந்தவர். ஆனால் பல்கலைக்கழகப் படிப்பு, கூடவே இருக்கும் துணைவர், சொந்தக் கார் ஆகியவை அவரை வேறாக்கின. ஆய்வாளராக வீட்டுக்குப் போனபோது வீடு பளிச்சென்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது, சாப்பிட ஏதோ தயாராக இருந்தது. வழக்கமாக வந்துபோகும் தோழிக்கு நடக்காத உபசாரம் அது.

நன்கு தெரிந்தவர் ஆய்வாளராக வரும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. ஒலிப்பதிவுக் கருவியை அணைத்த பிறகு சொன்னது தகவலா? ஒரு குடும்ப நிகழ்ச்சியில் உறவினராகக் கலந்துகொண்டபோது காதில் விழுந்தது தகவலா? வெளியாளுக்கு இந்தக் குழப்பம் குறைவு, அவர் எங்கே போனாலும் ஆய்வாளராகவே போகிறார். உள்ளாளுக்குப் பாதி நேரம் எந்த வேடத்தில் இருக்கிறோம் என்று அவருக்கே தெரியாது, எதிரே இருப்பவருக்கும் தெரியாது. ஒப்புதல் படிவத்தில் எப்போதோ போட்ட கையெழுத்து கருவியை அணைத்த பிறகு நடந்த பேச்சுக்கும் பொருந்தும் என்று வாதிடுவது சட்டப்படி சரியாகக்கூட இருக்கலாம். எனக்கு அது நம்பிக்கைத் துரோகமாகவே படுகிறது.

பெயரை மறைத்தாலும் பயன் குறைவு. சிறிய சமூகத்தில் "ஒரு ஆசிரியை, இரண்டு பிள்ளைகள், கணவர் வெளியூரில்" என்று எழுதினாலே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். உலகத்துக்குத் தெரியாது, பக்கத்து வீட்டுக்குத் தெரியும். அவர்கள் பயந்தது பக்கத்து வீட்டைத்தானே? விவரங்களைக் கலைத்துப்போடுவது, இருவர் சொன்னதை ஒரே ஆள் சொன்னதாகக் காட்டாமல் பொதுவாக எழுதுவது, சில மேற்கோள்களை யாருடையது என்று காட்டாமல் விடுவது என்று வழிகள் உண்டு.

இனத்துக்குக் கெட்ட பெயர் வரும் என்ற அழுத்தமும் உள்ளாள் மீதுதான் விழும். வெளியே ஏற்கெனவே ஏளனத்துக்கு ஆளான மக்களாக இருந்தால் அந்த அழுத்தம் நியாயமானதும்கூட. குடும்ப வன்முறை பற்றி எழுதினால் அதை எடுத்து அந்த மக்களையே தூற்றுவார்கள். எழுதாவிட்டால் அடிபடும் பெண்கள் இன்னொரு முறை மறைக்கப்படுவார்கள். இதில் பொதுவிதி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் "நம்மவர்கள்" என்று சொல்லி மௌனம் காக்கும்போது, அந்தச் சொல்லுக்குள் யாருடைய நலன் காக்கப்படுகிறது என்று கேட்காமல், எழுதியதில் எந்தப் பகுதியையும் நீக்கக்கூடாது.

அரைகுறை வேடத்தில் காதில் விழுந்த விஷயத்துக்கு மட்டும் ஓரளவு தெளிவான நடைமுறை உண்டு. ஆற அமர ஒரு நாள் திரும்பப் போய், "அன்னைக்கு நீங்க சொன்னதை எழுதட்டுமா?" என்று நேராகக் கேளுங்கள். சரி என்றால் எழுதலாம். வேண்டாம் என்றால், தயங்கினால்கூட, விட்டுவிட வேண்டும், அத்தியாயம் பலவீனமானாலும் பரவாயில்லை. அப்படி விட்டவை உண்டு என்பதை மட்டும், எவை என்று காட்டாமல், ஆய்வுமுறை பற்றிய பகுதியில் ஒரு வரியில் குறித்துவிடலாம்.